அலாஸ்காவில் அம்மாவுடன் ஏழு நாட்கள்

எமது சங்கத்தின் செய்தி மடலுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று மாறி மாறி எழுதி வந்திருக்கிறேன். இம்முறை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "டொக்டர், போன முறையும் உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள், அதற்கு முந்தின முறையும் உப்பைத்தான் குறைக்கச் சொன்னீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குப் போய் வந்தீர்களாம். அதை எழுதுங்களேன், சனம் ஆசையாக வாசிக்கும்" என்றார். ஆகவே இந்த மடலில் உப்புக்கு விடுமுறை.

சென்ற ஆனி மாதம் நானும் மனைவியும் அம்மாவும் வன்கூவரில் கப்பல் ஏறினோம். அம்மாவுக்கு வயது 81. கோண்டாவிலில் பிறந்து, கோண்டாவிலிலேயே வாழ்ந்து, அப்பாவின் காலத்துக்குப் பின்னர் ஸ்காபரோவில் எங்களுடன் இருக்கிறார். இருதயம் சற்றுப் பலவீனம். கால் வீங்காமல் இருக்கக் காலையில் நீர் போகும் குளிசை ஒன்று எடுப்பவர். இவரைக் கடலில் கொண்டு போவதா என்று இலண்டனில் இருக்கும் என் தங்கை என்னுடன் சண்டை பிடித்தாள். அம்மாவோ, "பனி மலை கடலுக்குள்ளை உடைஞ்சு விழுகிறதை ரீவியிலை காட்டினவங்கள். அதை ஒருக்காப் பார்த்தால் போதும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது வைத்தியனின் கெட்ட பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா அமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல் வன்கூவரில் இருந்து புறப்பட்டாலும் அமெரிக்காவுக்குள் அனுமதி வேண்டும். கனடியப் பிரசை என்றால் கடவுச்சீட்டுப் போதும். ஊரில் இருந்து வந்து நிற்கும் பெற்றோருக்கு அமெரிக்க விசா கையில் இருக்கவேண்டும். அடுத்தது காப்புறுதி. ஒன்ராறியோ அரசின் ஓஹிப் அட்டை இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். நாட்டுக்கு வெளியே வைத்தியசாலைச் செலவுக்கு அது கொடுப்பது, வெளிநோயாளராகப் போனால் நாளுக்கு 50 டொலர் வரை, வார்ட்டில் படுத்தால் கூடியது 400 டொலர் வரை. அமெரிக்க வைத்தியசாலையின் ஒரு நாள் கட்டணத்துக்கு முன்னால் அது சில்லறைக் காசு. தனியார் காப்புறுதி எடுக்கும்போது, பழைய நோய்கள் இத்தனை மாதமாக மாற்றமின்றி இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். குளிசையின் அளவு கூடினாலும் மாற்றம்தான், குறைந்தாலும் மாற்றம்தான். பிரயாணத்துக்கு முன் குளிசையை மாற்றுவதாக உங்கள் வைத்தியர் சொன்னால், மாற்ற வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஆனால் உடனே காப்புறுதிக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனிக் கதைக்கு வருவோம். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் கரையில் சுற்றிப் பார்ப்பதற்குக் கப்பல்காரரே பிரயாணங்கள் ஒழுங்கு செய்து விற்பார்கள். ஹெலிகொப்ரரில் பனியின்மேல் இறங்குவது, திமிங்கிலம் பார்ப்பது, நாய் வண்டி, பஸ் என்று நீண்ட பட்டியல். மூன்று பேருக்குக் கணக்குப் பார்த்தபோது சில துறைமுகங்களில் கரைச் செலவு கப்பல் கட்டணத்தை எட்டிப் பிடிக்கும்போல இருந்தது. அத்துடன், "பத்து நிமிடத்தில் எல்லோரும் பஸ்ஸுக்கு வரவும்" என்று கூப்பிடும் வழிகாட்டியின் பின்னால் அம்மாவால் ஓட முடியாது. ஆகவே நாங்களே ஒழுங்கு செய்து போவோம் என்றேன். மனைவி, "இஞ்சருங்கோ, அவங்கடை பஸ் பிந்தினால் கப்பல் நிக்கும். உங்கடை பஸ் பிந்தினால் கப்பல் போகும். யோசியுங்கோ" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. கப்பல்காரர் விற்ற பிரயாணம் தாமதித்தால் அவர்கள் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவனுக்காகக் கப்பல் காத்திராது. நான் யோசித்தேன், யோசித்துவிட்டு என் எண்ணப்படியே செய்தேன்.

முதல் துறைமுகம் ஜூனோ. அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியில் இருந்து இந்த ஊருக்கு வீதி கிடையாது. முன்னால் கடல், பின்னால் மலையும் பனிப்பாலையும். விமானத்தில் வரவேண்டும் அல்லது கப்பலில் வரவேண்டும். ஏறக்குறைய 32,000 பேர் வாழும் ஊரில், ஒரே நாளில் பல பெரிய கப்பல்கள் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நல்லூர்த் தேருக்கு வந்த சனம் முழுவதும் மழை அங்கி போட்டதுபோல இருந்தது. ஊரவர்கள் முறையிட்டதன் பேரில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

ஜூனோவில் பார்க்க வேண்டியது மெண்டன்ஹோல் பனியாறு. நகரில் இருந்து சுமார் 20 கிலோமீற்றர். துறைமுகத்தடியில் அதற்கென ஓடும் பஸ்ஸுக்கு ரிக்கற் விற்பார்கள், இறங்கியதும் வாங்கலாம் என்று நான் எண்ணியிருந்தேன். நாங்கள் ஆறுதலாகச் சாப்பிட்டு இறங்கிப் போனபோது, "இன்றைக்குரியது முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள். அரசு வனப் பகுதி ஆகையால் அங்கே எத்தனை பேரைக் கொண்டு போகலாம் என்று அனுமதிக்கு அளவு உண்டாம். இதை நான் முன்கூட்டி விசாரிக்கவில்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைவிட நாலு பேச்சுப் பேசியிருக்கலாம்.

ரக்சிக்கும் நீண்ட வரிசை. விசாரித்தபோது ஊர் பஸ் ஒன்று அந்தப் பக்கம் போகிறது, ஆளுக்கு இரண்டு டொலர்தான், ஆனால் பனியாறு வரை போகாது, இரண்டரைக் கிலோமீற்றருக்கு இப்பால் இறக்கிவிடும், மீதி நடை என்றார்கள். இந்த இடத்தில் நான் திரும்பிக் கப்பலுக்குப் போகவே எண்ணினேன். அம்மாதான், "ரண்டரைக் கிலோமீற்றர் எண்டால் எவ்வளவு தூரம்? எங்கடை வீட்டிலை இருந்து கோண்டாவில் ஸ்ரேசனுக்குப் போய் வாறது மாதிரித்தானே. நட" என்றார்.

பஸ்ஸில் எங்களுடன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், பலசரக்குப் பையுடன் ஒரு கிழவர், பள்ளிக்கூடப் பெடியள் இருவர். கப்பலில் இருந்து வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். வீடுகள், பெற்றோல் நிலையம், ஒரு தேவாலயம் என்று சாதாரண ஊராகவே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த அரை மணித்தியாலம் மிகவும் பிடித்துவிட்டது. கப்பல்காரரின் பஸ்ஸில் போயிருந்தால் ஜூனோவில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்திராது.

இறங்கி நடந்தோம். தார் வீதி, ஓரத்தில் நடைபாதை, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். ஏற்றம் அதிகமில்லை. அம்மா ஒரு கையில் பொல்லும் மறு கையில் என் கையுமாக மெதுவாக வந்தார். வீதியில் போனபடியே நான் அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு நடந்தேன். சிறிது நேரத்தில், "தம்பி, நாடி பிடிக்காதை. கையைப் பிடிக்கிறதெண்டால் கையைப் பிடி" என்றார். 30 வருட வைத்தியத் தொழிலில் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்தவர் வேறு எவரும் இல்லை.

அரைவாசித் தூரத்தில் மூச்சு வாங்கியது. ஒரு பெரிய கல்லில் உட்கார வைத்தேன். காலைப் பார்த்தால் கணுக்காலில் வீக்கம். காலையில் குளிசை எடுத்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. மனைவி கேட்டாள். "வழியிலை எங்கை பிள்ளை போறது? அதுதான் இண்டைக்கு விட்டிட்டன்" என்றார். என் கிளினிக்கில் வாரத்துக்கு நாலு பேர் இதே கதையைச் சொல்வார்கள். கோயில் திருவிழா, கலியாண வீடு, விமானப் பயணம் என்றால் நீர் போகும் குளிசையை விட்டுவிடுவது. தயவு செய்து விடாதீர்கள். அதை எடுக்கும் நேரத்தைச் சற்று முன்னோ பின்னோ மாற்றலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் வழி இருக்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லும் வைத்தியன், தன் தாயிடம் அன்று காலை கேட்க மறந்து அவரை வீதியோரக் கல்லில் இருத்தியிருந்தான்.

பத்து நிமிடம் இருந்தபின் மூச்சுச் சீரானது. திரும்புவோமா என்று கேட்டேன். அம்மா வீதியைப் பார்த்தபடி, "அண்டைக்கு நடந்த நடையிலை இது எத்தினையிலை ஒரு பங்கு?" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று எங்களவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவு. அப்பாவும் அம்மாவும் தங்கையும் ஒரு சைக்கிளுடன் சாவகச்சேரி வரை போனார்கள். நான் அப்போது கொழும்பில் பயிற்சி வைத்தியனாக இருந்தேன். பாதை இல்லை, தொலைபேசி இல்லை. பல வாரங்களுக்குப் பின்பு வந்த ஒரு கடிதத்தில்தான் அவர்கள் உயிருடன் இருப்பது தெரிந்தது. அந்த நடையைப் பற்றி அம்மா எனக்கு ஒருநாளும் விபரமாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எழுந்தார், நடந்தோம். வழியில், கரடிகள் நடமாடும் இடம், உணவு கொண்டு செல்லக்கூடாது என்று அறிவித்தல். அம்மாவின் கைப்பைக்குள் ஒரு பை பருத்தித்துறை வடை. எறிய மனமில்லை. மூவரும் வீதியோரத்தில் நின்று பசியில்லாமல் அத்தனையும் சாப்பிட்டு முடித்தோம். கரடிக்குப் பயந்து வடை தின்ற முதல் யாழ்ப்பாணத்தார் நாங்களாகவே இருக்கும்.

மரங்கள் விலகியதும் ஏரி. ஏரிக்கு அப்பால், இரண்டு மலைகளுக்கு நடுவில், நீல நிறமாக மெண்டன்ஹோல். பனி நெடுங்காலம் அழுந்தி அழுந்தி இறுகும்போது வெளிச்சத்தின் சிவப்பை உறிஞ்சி நீலத்தை விடுகிறது என்று அங்கே இருந்த வன அதிகாரிப் பெண் சொன்னார். ஒரு பக்கத்தில் நகற் நீர்வீழ்ச்சி, 100 மீற்றருக்கு மேல் உயரம். 1962இல் பார்வையாளர் மண்டபத்தைக் கட்டியபோது பனி அண்மையில் இருந்ததாம். இப்போது ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் ஒதுங்கிவிட்டது. ஏரியே அந்தப் பனி விட்டுப்போன குழிதான். பனி மெலிந்ததனால் மேலே ஒரு பள்ளத்தில் தேங்கும் நீர், 2011 முதல் கோடையில் உடைத்துக்கொண்டு கீழே பாய்கிறது. 2023, 2024, 2025 ஆவணியில் வந்த வெள்ளம் நாங்கள் பஸ்ஸில் கடந்து வந்த அந்தச் சாதாரண வீடுகளுக்குள்ளேயே புகுந்திருக்கிறது. அம்மா வாங்கில் இருந்து பனியைப் பார்த்தார். நான் நேரத்தைப் பார்த்தேன்.

அம்மாவின் கைமணிக்கூடு ரொறன்ரோ நேரத்தில் ஓடியது. குளிசைகளுக்காக அதை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அலாஸ்கா நேரம் அதைவிட நாலு மணித்தியாலம் பின். என் மணிக்கூடு வன்கூவர் நேரத்தில் நின்றது, ஒரு மணித்தியாலம் வித்தியாசம். மனைவியின் கைத்தொலைபேசி தானாக மாறியிருந்தது. மூன்று பேரிடம் மூன்று நேரம். எட்டரைக்குள் கப்பலில் நிற்கவேண்டும் என்பது எந்த நேரத்தில் எட்டரை என்று வாக்குவாதம் வந்து, கடைசியில் கப்பல் நேரமும் கைத்தொலைபேசி நேரமும் ஒன்றுதான் என்று தெளிந்தது. திரும்பி நடப்பது முடியாத காரியம். எவரையோ இறக்க வந்த ரக்சி ஒன்றை மறித்து, கேட்ட காசைக் கொடுத்து, கப்பலடிக்கு வந்து சேர்ந்தபோது இருபது நிமிடம் மிச்சம். கணக்குப் பார்த்தால் கப்பல்காரரின் பஸ்ஸோடு ஒப்பிடுகையில் நான் மிச்சம் பிடித்தது மிகச் சொற்பம். இதை மனைவிக்குச் சொல்லவில்லை. இந்த மடல் அவள் கையில் கிடைக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த நாள் ஸ்காக்வே. அங்கே ரயிலில் போனோம். கப்பல்காரர் விற்பதும் ரயில்காரரே நேரடியாக விற்பதும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் அதே ரயில்தான், நேரடியாக வாங்கினேன். 1898இல் தொடங்கி 1900இல் முடித்த ஒடுக்கமான பாதை. 32 கிலோமீற்றருக்குள் 873 மீற்றர் உயரமுள்ள வெள்ளைக் கணவாய்க்கு ஏறுகிறது. ஆசனத்தில் இருந்தபடி போய் இருந்தபடி வரலாம், ஆகையால் வயோதிபர்களுக்கு இதைவிட நல்லது அங்கே வேறில்லை. யூக்கோன் பிரதேசத்தில் பொன் கிடைக்கிறது என்று ஒரு இலட்சம் பேர் வரை புறப்பட்ட காலம் அது. எல்லையில் நின்ற கனடியப் பொலிசார், ஒரு வருடச் சாப்பாடும் சாமான்களும், ஏறக்குறைய ஒரு தொன் எடை, கொண்டு வராதவரை உள்ளே விடவில்லை. அத்தனையையும் மலைமேல் பலமுறை ஏறி இறங்கிச் சுமந்திருக்கிறார்கள். இந்தக் கணவாயில் செத்த குதிரைகள் மட்டும் 3,000 என்கிறார்கள். "ஒரு தொன் எண்டால் எவ்வளவு?" என்று அம்மா கேட்டார். இருபது மூடை அரிசி என்றேன். "நாங்கள் கொண்டு போனது அரை மூடை" என்றுவிட்டு வெளியே பார்த்தார். இந்த ரயில் 1982இல் நின்று 1988இல் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கள் யாழ்தேவி 1990இல் நின்று 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. நின்ற காலத்தில் வித்தியாசம் உண்டு, நின்ற காரணத்திலும்தான்.

மூன்றாவது இடம் கிளேசியர் விரிகுடா. அங்கே கரையிறங்குவது இல்லை. கப்பலில் இருந்தே பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டும் அனுமதி. காலையில் சிறு படகில் பூங்கா அதிகாரிகள் வந்து, ஓடும் கப்பலிலேயே ஏணியால் ஏறினார்கள். அவர்களுடன் ஹூனா திலிங்கித் என்ற அவ்விடத்துப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் வந்தார்.

1794இல் வன்கூவர் என்ற கடலோடியின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று ஒன்று இருக்கவில்லை; வாசலிலேயே பனிச்சுவர். 1879இல் ஜோன் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போயிருந்தது. இன்றைக்கு 100 கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் அதற்கு முன்னர், 1700களில், பனி எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. அது பள்ளத்தாக்காக, மீன் ஆறுகளும் வீடுகளுமாக இருந்த காலத்தில் பனியாறு வேகமாக வளர்ந்து வந்து ஊர்களை அழித்தது. சனம் ஓடங்களில் ஏறி வெளியேறியது. அந்தப் பெண்மணி கப்பலின் மண்டபத்தில் இதைச் சொன்னார். நான் அம்மாவின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர்களுடைய கதை இது. காஸ்தீன் என்ற இளம் பெண், பெரியபிள்ளையானதும் தனித்து இருத்தப்பட்டிருந்தபோது, சலிப்பினால் பனியாற்றை நாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாளாம். அது வரத் தொடங்கியது. ஊர் எழும்ப வேண்டும் என்று முடிவானபோது, வீட்டை வெறுமனே விட்டுப்போகக்கூடாது, ஒருவர் தங்கவேண்டும் என்றார்கள். கிழவி ஒருத்தி, நான் இனிப் பிள்ளை பெறப் போகிறவள் அல்ல, நான் இருக்கிறேன் என்றாள். இந்தக் கதையை அவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் காஸ்தீன் தங்குகிறாள், மற்றதில் கிழவி தங்குகிறாள். பனி வீட்டின்மேல் ஏறியதை ஓடத்தில் இருந்தவர்கள் பார்த்து அழுது பாடிய பாட்டை அந்தக் குலத்தவர் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டார்: "அப்ப அந்தக் கிழவிக்கு ஆர் தண்ணி வென்னி குடுத்தது?"

இது கதைதானே அம்மா என்றேன். "கதை இல்லை" என்றார். பிறகு, அந்த மண்டபத்தில் சனத்துக்கு நடுவில், குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த ஐப்பசி இரவில் அம்மம்மா அவர்களுடன் வரவில்லை. அவருக்கு ஒரு கால் வழங்காது. அப்பா சைக்கிள் கரியரில் ஏற்றிப் படலை வரை உருட்டிக்கொண்டு வந்தார். படலையடியில் அம்மம்மா தானாக வழுகி இறங்கிவிட்டார். "நான் வந்தால் நீங்கள் ஒருத்தரும் போய்ச் சேரமாட்டியள். அரிசியை ஏத்துங்கோ" என்றாராம். பக்கத்து வளவில் ஒரு கிழவர் போகாமல் நின்றார். அவரிடம் சொல்லிவிட்டு, குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டு நடந்தார்கள். 1996 சித்திரையில் திரும்பிப் போனபோது வீடு இருந்தது. அம்மம்மா இல்லை. நின்ற நாலைந்து பேர் வளவுக்குள்ளேயே காரியத்தை முடித்திருந்தார்கள். எந்த நாள் என்று கேட்டால், மார்கழி என்று ஒருவர், தை என்று ஒருவர்.

எனக்கு வந்த கடிதத்தில் அம்மம்மா சிவபதம் அடைந்தார் என்று ஒரே வரிதான் இருந்தது. அவர்களுடன் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்தார் என்றே 30 வருடமாக எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு நாள் அம்மா தலை முழுகி, மரக்கறி சமைத்து, ஒரு இலை படைப்பார். யாரோ பெரியவர்களுக்கு என்று நானும் சாப்பிட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விடுவேன். திதி தெரியாதபடியால் அம்மா, தான் விட்டுவிட்டு வந்த நாளையே திதியாக வைத்துக்கொண்டிருக்கிறார். மனைவிக்கு இது தெரியுமாம். "மாமி சொல்லவேண்டாமெண்டவ" என்றாள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ டொக்டர். நிண்டிருந்தால் காப்பாத்தியிருப்பன் எண்டு நினைப்பாய்" என்றார் அம்மா.

அப்படித்தான் நினைக்கிறேன். இதை எழுதும்போதும்.

அம்மா அந்தப் பெண்மணியிடம் போய்ப் பேசவேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். என்ன கேட்கவேண்டும் என்றேன். ஒன்றும் கேட்கவில்லை; அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். நான் இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்தார். 2016இல் பூங்காவுக்குள் தங்கள் குலங்களுக்கு ஒரு வீடு திரும்பக் கட்டியிருக்கிறோம், 250 வருடத்துக்குப் பின் எங்களுக்கு அங்கே ஒரு கூரை என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். "நல்லது" என்றார் அம்மா.

பிற்பகல் மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. ஒன்றரைக் கிலோமீற்றர் அகலச் சுவர். மேல்தளத்தில் கம்பளி சுற்றி அம்மாவை இருத்தினோம். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சனம் அலுத்து உள்ளே தேநீருக்குப் போனது. பிறகு வீடளவு துண்டு ஒன்று சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. விழுந்து முடிந்த பின்புதான் முழக்கம் வந்து சேர்ந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். குளிர்கிறது, உள்ளே போவோம் என்று மனைவி சொன்னதற்கு, "நீங்கள் போங்கோ பிள்ளை, நான் இருக்கிறன்" என்றார். நாங்கள் போகவில்லை.

கடைசித் துறைமுகம் கெச்சிக்கான். எந்நேரமும் மழை கொட்டும் ஊர். அன்றும் அதற்குக் குறை வைக்கவில்லை. நடக்கக்கூடிய தூரத்தில் ஆற்றின்மேல் மரக்கால்களில் கட்டிய ஒரு தெரு இருக்கிறது. பார்க்க வெகு வடிவு. 1954 வரை அங்கே என்ன தொழில் நடந்தது என்று சுவரில் பகிடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கு என்று அம்மா கேட்டார். சாப்பாட்டுக் கடைகள் இருந்த தெருவாம் என்றேன். "அதுக்கேன் உன்ரை முகம் இப்பிடிப் போகுது?" என்றார். பின் ஊர் பஸ் பிடித்துச் சாக்ஸ்மன் கிராமத்துக்குப் போய்க் குலத்தூண்களைப் பார்த்தோம். இந்தத் தடவை பஸ் நேரங்களை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன், திரும்பும் பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸையும் சேர்த்து. அம்மா குளிசை எடுத்ததை என் கண்ணாலே பார்த்தபின்தான் கப்பலால் இறங்கினோம்.

திரும்பும் வழியில், அடுத்த முறை கப்பல்காரரின் சுற்றுலாவிலேயே போவோமா என்று அம்மாவைக் கேட்டேன். ஊர் பஸ்தான் நல்லது என்றார். "ஆனால் ரிக்கற்றை முன்னமே விசாரிச்சு வை. பிறகு பாவம், அந்தப் பிள்ளை பேசாமல் இருந்து களைச்சுப்போகும்."